மரத்தோப்பில் மண் கரிமம் அளக்க 100 சி.சி. வளையக் கருவி: வாங்கலாமா?

தோப்பு வைத்தபின் மண்ணில் கரிமம் கூடியதா என்று ஹெக்டேருக்கு இத்தனை டன் எனச் சொல்ல, ஆய்வகம் தரும் சதவீதம் மட்டும் போதாது. மண்ணின் பரும அடர்த்தியும், அதாவது ஒரு கன செ.மீ. இடத்தில் உள்ள மண்ணின் உலர் எடையும், வேண்டும். அதற்கான கருவி இது: உள்விட்டம் 5 செ.மீ., உயரம் 5.1 செ.மீ. கொண்ட எஃகு வளையங்கள், அவற்றைப் பிடிக்கும் தலை, சுத்தியல், மூடிகள். கொள்ளளவு 100 கன செ.மீ. (சி.சி.) என்பதால் கணக்கு எளிது. 105 டிகிரியில் எடை மாறாத வரை, பெரும்பாலும் 24 மணி நேரம், உலர்த்தி, மண்ணின் கிராமை நூறால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். வளையங்கள் எல்லாம் ஒரே எடை என்று நம்ப வேண்டாம். எண் பொறித்து, ஒவ்வொன்றையும் வெறுமையாக எடை போட்டுக்கொள்ளுங்கள்.

தவறு எங்கே பெரிதாகிறது என்று பாருங்கள். கரிமம் 1.5 சதவீதம், அடர்த்தி 1.2, ஆழம் 30 செ.மீ.; மூன்றையும் பெருக்கினால் ஹெக்டேருக்கு 54 டன். அடிக்கும்போது மண் அமுங்கி அடர்த்தி 1.32 என வந்தால் 59.4 டன். மண்ணில் இல்லாத 5.4 டன் கணக்கில் ஏறிவிட்டது.

இந்த அமுக்கம் அதிகம் நடப்பது மரங்களுக்குக் கீழே புல்லும் புதரும் விட்டுவைத்த இடத்தில்தான். சல்லிவேர்களும் மண்புழுக்களும் பொலபொலவென்று ஆக்கிய மேல்மண் சுத்தியலுக்குத் தாங்காது. சருகை முதலில் வழித்துத் தனியாக எடை போடுங்கள், மண்ணோடு சேர்க்காதீர்கள். செடியைப் பிடுங்காமல் தரையோடு வெட்டுங்கள். பிடுங்கினால் வேரோடு மண்ணும் வந்துவிடும். வளையம் இறங்கியதும் உள்ளே இருக்கும் மண்மட்டம் வெளிமட்டத்தைவிடத் தாழ்ந்திருந்தால் அந்த மாதிரியைக் கொட்டிவிட்டு, பக்கத்தில் மீண்டும் எடுங்கள். நேராக இழுக்காமல் சுற்றிலும் தோண்டி எடுக்க வேண்டும். விளிம்பில் நீட்டும் வேரைக் கத்தியால் அறுத்தால் உள்ளே குழி விழும், கத்தரிக்கோல் நல்லது.

அடிச்செடிகளை அழித்துச் சுத்தமாக வைத்த வரிசையோடு ஒப்பிடும்போது இன்னொரு பொறி உண்டு. மழைத்துளி நேரடியாக அடித்து இறுகிய அந்த மண் 1.2 அடர்த்தியில், 30 செ.மீ. ஆழத்துக்குச் சதுர மீட்டருக்கு 360 கிலோ இருக்கும். புதர் மூடிய 0.9 அடர்த்தி மண்ணில் அதே ஆழத்துக்கு 270 கிலோதான். ஒரே ஆழத்தை ஒப்பிட்டால் அடிச்செடிகள் செய்த நன்மை மறைந்துபோகும். ஒரே எடை மண்ணை ஒப்பிடுவதே நியாயம். அதற்காகவே புதர்ப் பகுதியில் 30 செ.மீ.க்குக் கீழேயும் ஓர் அடுக்கு எடுத்து வையுங்கள்.

கரிமச் சோதனைக்கு மண்ணைத் தனியாக எடுத்து, நிழலில் உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலிக்க வேண்டும். ரசாயனம் சேர்த்து அளக்கும் வாக்லி-பிளாக் முறை கரிமம் முழுவதையும் பிடிக்காது, அதனால் சுமார் 1.3 ஆல் பெருக்குகிறார்கள். எரித்து அளக்கும் முறையோ சுண்ணாம்பில் உள்ள கரிமத்தையும் சேர்த்துவிடும். முதல் தடவை எந்த முறையில் அளந்தீர்களோ, அடுத்த தடவையும் அதிலேயே அளக்கவும்.

கருவியின் குறை விளிம்புதான். கல்லில் பட்டால் மடங்கிவிடும், மடங்கிய விளிம்பு மண்ணை வெட்டாமல் அமுக்கும். ஈரப்பதமான வண்டல், செம்மண் நிலத்துக்குத் தாராளமாக வாங்கலாம். சரளை நிலத்திலும் பெருவேர் பின்னிய மரத்தடியிலும் இது உதவாது. அங்கே சிறு குழி தோண்டி, எடுத்த மண்ணை உலர்த்தி எடை போட்டு, குழியில் பிளாஸ்டிக் தாள் விரித்துத் தண்ணீர் ஊற்றிக் கொள்ளளவு பாருங்கள்.