மலைச் சாலைக்கு இபிசி டெண்டர்: குன்னூர், கோத்தகிரி பக்கம் எடுபடுமா?

வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் ஒரே ஒப்பந்ததாரரிடம் மொத்தத் தொகைக்கு ஒப்படைப்பதுதான் இபிசி. தவறு நடந்தால் கைகாட்ட வேறு ஆள் இல்லை. அது பெரிய பலம். ஆனால் சமவெளி ஆவணத்தை அப்படியே நீலகிரிக்குப் போட்டால் ஐப்பசி மழையில் பல்லிளித்துவிடும்.

முக்கியக் குறை, என்னென்ன வேலை என்று சொல்லும் ஒப்பந்தத்தின் அட்டவணை 'பி'. தடுப்புச் சுவர் இத்தனை மீட்டர் என்று அதில் இருக்கும். தளத்தில் நீளம் கூடினாலும் பொதுவாக, கூடுதல் பணம் தர வேண்டிய வேலை மாற்றமாகக் கணக்கில் வராது. செலவு தலையில் விழுவதால் ஒப்பந்ததாரர் அஸ்திவாரத்தைச் சுருக்கப் பார்ப்பார். இங்கே சார்னோகைட் என்ற கடினப் பாறைக்கு மேல் தடிமனான செம்மண். நீர் ஊறினால் மொத்தமாகச் சரியும். 2009 நவம்பர் நிலச்சரிவில் பார்த்தோமே! அதனால் டெண்டருக்கு முன்பே துறை துளையிட்டு, மண் தடிமனையும் மழைக்காலத்து நீர்மட்டத்தையும் அளந்து எல்லா ஏலதாரருக்கும் தர வேண்டும்.

'போதுமான வடிகால்' என்ற வரியை அடித்துவிடுங்கள். சுவரில் நீர் வெளியேற 100 மி.மீ. கசிவுத் துளை, 1.5 மீட்டருக்கு ஒன்று, வெளிப்பக்கம் சாய்வு, சுவருக்குப் பின்னால் 600 மி.மீ. கல் வடிகட்டி என்று எண்ணோடு எழுதுங்கள். வடிகட்டிக்குப் பதில் வெட்டிய மண்ணையே கொட்டினால் துளை அடைத்து, சுவர் வயிறு தள்ளும்.

எந்த வேலைக்கு மொத்தத் தொகையில் எத்தனை விழுக்காடு என்று பிரிக்கும் அட்டவணை 'எச்'சில் சரிவுப் பாதுகாப்புக்குத் தனி விழுக்காடு வேண்டும். இல்லையென்றால் தார் முதலில், சுவர் கடைசியில்.

பாலம், கல்வெர்ட், அகலப்படுத்தலுக்கு இபிசியைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஏற்கெனவே சரிந்த இடங்களுக்கு அளவு பார்த்துப் பணம் தரும் பழைய முறையே நல்லது.