மூன்று சக்கரமாக மாற்றிய டூரிங் பைக்: பெட்ரோல் எங்கே போகிறது?

கோபியில் இருக்கும் நண்பர் ஒருவர், என்னைப் போலவே வலது கால் போலியோவால் பாதிக்கப்பட்டவர், தம்முடைய டூரிங் பைக்கை மூன்று சக்கர வண்டியாக மாற்றலாமா என்று சில மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். வளைவில் கவிழுமா, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எத்தனை முறை அலைய வேண்டும் என்பதையெல்லாம் அவர் கேட்பதில்லை. "மைலேஜ் எத்தன குடுக்குதுங்ண்ணா?" என்ற ஒரே கேள்விதான். ஏற்கெனவே அப்படி மாற்றிய என் வண்டி, ஆக்சிலை (பின்சக்கரங்களின் அச்சை) பிரித்து, அதிலிருந்த வளைவெடுத்து நிமிர்த்தப்பட்டு, லேத் பட்டறையிலிருந்து சென்ற வாரம் திரும்பியிருக்கிறது. அவருக்குப் பதில் சொல்ல இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்பதால் எழுதுகிறேன்.

வண்டி 350 சிசி ஒற்றை சிலிண்டர், ஏறத்தாழ 20 குதிரைத்திறன், 20 லிட்டர் டேங்க். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை, ஏனென்றால் எஞ்சின்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு சக்கரத்தில் என் தம்பி ஓட்டிய காலத்தில் வெளியூர்ச் சாலையில் லிட்டருக்கு 36 கிலோமீட்டர் தவறாமல் கொடுத்தது. 2021இல் அதை எனக்காக மாற்றினோம்: பின்சக்கரத்தை எடுத்துவிட்டு, டிஃபரென்ஷியலோடு (திரும்பும்போது இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டி) கூடிய ஆக்சிலைப் பொருத்தி, இரு முனையிலும் 12 அங்குலக் கார் சக்கரத்தை மாட்டி, பின் பிரேக்கைக் காலிலிருந்து கைக்குக் கொண்டுவந்தார்கள். அதன்பின் வண்டி கொடுத்தது 24. மூன்றில் ஒரு பங்கு பெட்ரோல் மூன்றாவது சக்கரத்துக்கே போயிற்று என்றுதான் எவரும் சொல்வார்கள். மாற்றிக் கொடுத்த பட்டறைக்காரரும் அதைத்தான் சொன்னார். எத்தனை முறை போய்க் கேட்டாலும், "வெயிட்டு ஏறுனா மைலேஜ் எறங்கத்தானுங்க செய்யும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து வரவில்லை.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது ஆசைப்பட்டவர்கள் எல்லாம் செய்துகொள்ளக்கூடிய வேலை அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. மாற்றுத்திறனாளியின் பயன்பாட்டுக்கென அனுமதி பெற்று மாற்றி, ஆர்.சி. புத்தகத்திலும் பதிந்துகொள்வதற்குத்தான் வழி இருக்கிறது. காங்கேயத்தில் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தினால் சுற்றி நின்று பார்த்துவிட்டு, "நமக்கும் ஒண்ணு பண்ணலாமுங்களா" என்று கேட்கும் இளவட்டங்களுக்காக இதைச் சொல்கிறேன்.

மைலேஜ் என்று பேசுவதற்கு முன்னால் எப்படி அளந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். 24 என்று நான் சொன்னதை நண்பர் நம்பாமல் போனதற்குக் காரணம், திருப்பூரில் இதேபோல் மாற்றிய ஒருவர் 34 கிடைப்பதாக அவரிடம் சொல்லியிருந்ததுதான். அந்த வண்டியை நானும் பார்த்தேன். அதில் கிலோமீட்டர் ரீடிங், கியர்பாக்ஸ் சுற்றுவதைக் கணக்கிட்டு வருகிறது. பழைய 120/80-18 டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 649 மில்லிமீட்டர். இப்போது மாட்டியிருக்கும் 145/80 ஆர்12 கார் டயரின் விட்டம் 537. சக்கரம் சிறுத்துவிட்டதால் ஒரு கிலோமீட்டர் போவதற்குப் பழையதைவிட 21 சதவீதம் கூடுதலாக அது சுற்ற வேண்டும். ஆனால் மீட்டருக்கு இந்த விவரம் தெரியாது, அது பழைய டயர் சுற்றுவதாகவே எண்ணிக் கணக்குக் காட்டிக்கொண்டிருக்கும். அவருடைய 34 என்பது உண்மையில் 28. என் வண்டியில் மீட்டர் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வருவதால் ரீடிங்கில் வேறுபாடு இல்லை. இன்னொரு நல்லதும் உண்டு: இந்த வண்டி எப்போதும் நேராகவே நிற்பதால், பெட்ரோல் பங்க்கில் சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் பைக்கைப்போல டேங்க் ஒரு முறை கூடவும் ஒரு முறை குறையவும் நிரம்புவதில்லை. சமதளத்தில் நிறுத்தி, வாய்வரை நிரப்பி, ஓட்டிவிட்டு மீண்டும் அதே இடத்தில் வாய்வரை நிரப்பும் முறைக்கு இதைவிட ஒத்துழைக்கும் வண்டி கிடையாது.

இனி எடைக்கு வருவோம். மாற்றியதில் ஏறத்தாழ 90 கிலோ கூடியிருக்கிறது. என்னையும் சேர்த்துக் கணக்கிட்டால் மூன்றில் ஒரு பங்கு எடை அதிகம். ஆனால் எடை பெட்ரோலைத் தின்பது பெரும்பாலும் ஏற்றத்திலும், நின்று நின்று கிளம்பும் ஊர் நெரிசலிலும்தான். ஆழியாறைத் தாண்டி வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் மைலேஜ் இருபதுக்குக் கீழே போனால் நான் யாரையும் குறைசொல்ல மாட்டேன். சமதளத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எடையால் வரும் உருள்தடையைவிடக் காற்றின் தடைதான் பெரிது, அதிலும் இரண்டு பக்கமும் அகன்று நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரங்களும் மட்கார்டுகளும் காற்றை வாங்கிக்கொள்கின்றன.

கொப்பரை வியாபாரம் என்பதால் காங்கேயத்திலிருந்து பல்லடம், நெகமம் வழியாகப் பொள்ளாச்சிக்கு அடிக்கடி போகிறவன் நான். அந்தச் சாலையில் காற்றாலைகளை எதற்காக நட்டிருக்கிறார்கள் என்பதை ஆனி, ஆடி மாதங்களில் மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் 30 கிலோமீட்டருக்கு மேல் வழிவிட்டு நிற்பதால், தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் நுழைந்து நேரே நம் முகத்துக்கு வருகிறது. எதிர்க்காற்று 25 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், 60இல் போகும் வண்டிக்குக் காற்று 85இல் வந்து மோதும். தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் அது இருமடங்காகிவிடும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளுகிறதே, கணக்குச் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது, திரும்பும்போது தடை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தாலும், போக வர இரண்டையும் கூட்டிச் சராசரி பார்த்தால் காற்றில்லாத நாளைவிட 17 சதவீதம் கூடுதலாகவே நிற்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், என் டேங்க்கில் பெட்ரோல் பறந்தது. ஆகவே ஆடி மாதக் கணக்கை வைத்து வண்டியைத் திட்டுவது நியாயம் ஆகாது என்று பொறுத்திருந்தேன். மாசி, பங்குனியில் இலை அசையாத நாட்களிலும் 24ஐத் தாண்டவில்லை என்றபோதுதான் எரிச்சல் வந்தது.

உண்மையைக் காட்டிக்கொடுத்தது டயர். பின் டயர்கள் இரண்டும் 8,000 கிலோமீட்டருக்குள் வழுக்கையாகிக்கொண்டு வந்தன. காரில் இதே டயர் அதைப்போலப் பல மடங்கு ஓடும். தேய்மானத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன்: வெளிப்பக்கமிருந்து உள்ளே தடவினால் ஒன்றும் தெரியவில்லை, உள்ளிருந்து வெளியே தடவினால் ரம்பத்தின் பல்லைப்போல ரப்பர் விளிம்பு கையைப் பிடித்தது. டயர் நேராக உருளாமல் பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே போயிருக்கிறது என்பதற்கு இதைவிட அடையாளம் வேண்டாம். கோவை கணபதியில் லேத் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் பேசவே இல்லை. நூலையும் சுண்ணக்கட்டியையும் எடுத்து, இரண்டு பின் டயர்களுக்கும் நடுவே ஆக்சில் உயரத்தில் முன்பக்கம் ஓர் அளவும் பின்பக்கம் ஓர் அளவும் எடுத்து, இரண்டையும் தரையில் அருகருகே கோடாகப் போட்டுக் காட்டினார். முக்கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். இரண்டு சக்கரமும் முன்னால் ஒன்றையொன்று நெருங்கியபடி ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன.

காரணத்தையும் அவரே சொன்னார். ஆக்சிலை மூடியிருக்கும் குழாயான ஹவுசிங்கின்மேல் பிராக்கெட்டுகளை வெல்டிங் செய்யும்போது, ஒரே பக்கமாகத் தொடர்ந்து பற்றவைத்தால், ஆறும்போது உலோகம் சுருங்கி அந்தப் பக்கமாகக் குழாயை இழுத்துவிடும். விட்டு விட்டு, பக்கம் மாற்றி மாற்றி வைத்து, முடித்தபின் அளந்து வளைவெடுத்திருக்க வேண்டும். அளந்து பார்ப்பதற்குப் பத்து நிமிடம் ஆகியிருக்குமா? அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடாத ஒருவர், எடை கூடியதுதான் காரணம் என்று இத்தனை காலம் என்னைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம், நான் கொடுத்த காசைவிட அவருடைய நிதானமான குரல்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

பிரேக்கிலும் கதை இருந்தது. காலின் அழுத்தம் கைக்கு வராது என்பதால், கொஞ்சம் இழுத்தாலே பிடிக்கட்டும் என்று சக்கரத்தோடு சுழலும் டிரம்மை அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூவை, அதோடு ஒட்டும் அளவுக்கு நெருக்கி வைத்திருந்தார்கள். பல்லடம் வரை பிரேக்கே தொடாமல் ஓட்டி நிறுத்தி, டிரம்மில் தண்ணீர் தெளித்தால் சுருசுருவென்று ஆவியாகப் போயிற்று. எஞ்சின் தள்ள, பிரேக் இழுக்க, நடுவில் பெட்ரோல் சூடாகி வீணாகியிருக்கிறது. லீவரின் நீளத்தைக் கூட்டி, ஷூவுக்குத் தேவையான இடைவெளி விட்டதும் பிரேக்கும் குறையவில்லை, டிரம்மும் கை பொறுக்கும் சூட்டில் நின்றது.

மூன்றாவது, ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் ஓடும் பல்சக்கரம். மேலே சொன்ன அதே 21 சதவீதம் இங்கேயும் வருகிறது: சக்கரம் சிறுத்தும் பல்சக்கரம் பழைய விகிதத்திலேயே இருந்ததால், 60இல் போகும்போது எஞ்சின் முன்பு 72இல் சுற்றிய வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆக்சில் பக்கத்துப் பல்சக்கரத்தில் பற்களைக் குறைத்துப் போட்டதும் எஞ்சின் சத்தமே இறங்கிவிட்டது. பழைய விகிதத்துக்கு முழுதாகக் கொண்டுபோகவில்லை. கூடிய எடையை ஏற்றத்தில் இழுக்கச் சற்று மிச்சம் வைத்திருக்கிறோம்.

இவை எல்லாம் முடிந்தபின் கிடைப்பது 29. நியாயமாகப் பேசினால் இதில் இன்னொரு கழிவையும் செய்ய வேண்டும். தம்பி 36 எடுத்த காலத்தில் பெட்ரோலில் எத்தனால் குறைவு. இன்று பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் கலந்தது. எத்தனாலில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் வெப்பம் பெட்ரோலில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், இந்தக் கலப்பு மட்டுமே சில சதவீதத்தைக் கழித்துவிடும். ஆக, மூன்று சக்கரம் என்பதற்காக நான் உண்மையிலேயே கொடுக்கும் விலை லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் அளவுதான். டிஃபரென்ஷியலின் பற்கள் எண்ணெயைக் கடைந்து சுற்றுவதிலும், அகலத்திலும், எடையிலும் போவது அது. அதை யாரும் மிச்சப்படுத்த முடியாது.

வெளிநாட்டு வண்டிகளை உதாரணம் காட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹார்லி டேவிட்சன் 2009 மாடலாக ட்ரை கிளைடு என்ற மூன்று சக்கர டூரிங் வண்டியைத் தொழிற்சாலையிலேயே செய்து விற்கத் தொடங்கியது. ஹோண்டா கோல்டு விங்கை மாற்றித் தரும் பட்டறைகள் அமெரிக்காவில் ஏராளம். 1,800 சிசி எஞ்சின் சாதாரண வேகத்தில் போகும்போது தன் சக்தியில் சிறு பங்கைத்தான் செலவிடுகிறது, கூடுதல் சுமையைச் சுமந்தாலும் அதற்குப் பெரிதாகத் தெரியாது. நம் 350க்கு அந்தச் சுமை நேரடியாக உறைக்கும். அவர்களுடைய வண்டியில் மைலேஜ் குறையும் சதவீதத்தை நம் ஊருக்குக் கொண்டுவந்து ஒப்பிடுவதில் பொருளில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு, இப்போது வண்டி சரியாகிவிட்டதே, நானும் மாற்றிக்கொள்கிறேன் என்று நண்பர் கிளம்புவார் என்பது எனக்குத் தெரியும். வண்டி நன்றாகவே ஓடுகிறது. அமராவதிப் பாலத்தின் காற்றிலும் ஆட்டம் இல்லை, மழையில் கால் ஊன்ற வேண்டிய பயம் இல்லை, இதைவிட்டு வேறொன்றில் ஏற எனக்கு மனமில்லை. ஆனாலும் அவருக்கு நான் சொல்வது, வேண்டாம் என்பதுதான். லிட்டர் 100 ரூபாய் விற்கும் நாளில், இத்தனை காலம் வீணாய்ப் போன பெட்ரோலையும் இரண்டு ஜோடி டயரையும் கணக்குப் போட்டபின் எனக்கு வேறு பதில் வாயில் வரவில்லை. பக்கச் சக்கரம் பூட்டிய 110 சிசி ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு நிம்மதியாகக் கோபிக்கும் ஈரோட்டுக்கும் போய் வரட்டும்.

மாற்றியே தீருவேன் என்றால், பட்டறையில் கடைசித் தவணைப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வெல்டிங் முடிந்த ஆக்சிலில் சக்கரத்தை மாட்டி, தம் கண் முன்னால் முன்னும் பின்னும் நூல் பிடித்து அளந்து காட்டச் சொல்லட்டும். இரண்டு அளவும் ஒன்றாக வந்தபிறகு பணத்தைக் கொடுத்தால் போதும்.