ட்ரையம்ப் ஹெரால்ட் கன்வெர்டிபிள்: பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், கதவு இடுக்கைப் பாருங்கள்

விற்பனைக்கு வந்திருக்கும் ஹெரால்ட் கன்வெர்டிபிள் ஒன்றின் படங்களை நண்பர் அனுப்பியிருந்தார். 1969 மாடல், 13/60 என்ற வகை, முழுக்கப் புதுப்பித்தது, வாங்கலாமா என்று கேட்கிறார். பெயின்ட் முகம் பார்க்கிற மாதிரி இருக்கிறது. குரோமியம் புதுசு, இருக்கை உறை புதுசு, மடக்கும் துணிக்கூரையான ஹூட்டும் புதுசு. ஆனால் பன்னிரண்டு படத்தில் ஒன்றில்கூட மூடிய கதவை நேர்ப்பக்கமாக எடுக்கவில்லை. எட்டு வருஷமாக இதே வண்டியை வைத்திருப்பவன் என்ற முறையில் என் கண் முதலில் போனது அங்கேதான்.

1296 சிசி என்ஜின், 61 குதிரைத்திறன், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். இதெல்லாம் வாங்க நினைக்கிறவருக்குத் தெரிந்ததுதான். கதவைப் பற்றிப் பேச, வண்டியின் உடம்பு எப்படிப் பிறந்தது என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும். 1959-இல் ஹெரால்ட் வந்தபோது மற்ற சிறிய கார்கள் எல்லாம் சேசிஸ் (அடிச்சட்டம்) இல்லாத ஒற்றை உடம்புக்கு மாறிக்கொண்டிருந்தன. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ, போட்டிக் கம்பெனியான பிஎம்சியின் கைக்குப் போய்விட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்ய வழியில்லை. ஆகவே தனி சேசிஸ் போட்டு, அதன்மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டும் பாடியை இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலாட்டி வரைந்து கொடுத்தார். முன்னால் பானெட், நடுவில் டாஷ்போர்டோடு தரை, பின்னால் ஒரு தொட்டி, அதற்குமேல் கூரை. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் தயாரானதும் இதே குடும்பம்தான். அங்கே கடைசிவரை 948 சிசி என்ஜின்தான். நாலு கதவு ஹெரால்ட் சென்னையில் மட்டும்தான் வந்தது, இங்கிலாந்தில் அப்படி ஒன்று கிடையாது.

துண்டு துண்டான இந்த உடம்பு கொடுக்கும் சுகம் பெரிது, அதைச் சொல்லாமல் குறை மட்டும் பேசுவது நியாயமில்லை. இரண்டு பக்கக் கொக்கியையும் விடுவித்தால் மட்கார்டு, விளக்கு எல்லாவற்றோடும் முன்பாதி முழுவதுமே முன்னோக்கிச் சாய்ந்துவிடும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டு வால்வ் கிளியரன்ஸ் பார்க்கலாம் (குளிர்ந்த என்ஜினில் 0.25 மி.மீ.). பிளக், டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்டியரிங் ராக், சஸ்பென்ஷன் எல்லாமே கைக்கு எட்டும். முதுகை வளைக்க வேண்டிய வேலையே இல்லை. அப்புறம் திருப்பம். எட்டு மீட்டருக்குள் வண்டி முழு வட்டம் அடித்துவிடும். இன்றைய சிறிய கார்கள்கூட ஒரு தடவை பின்னால் எடுத்துத் திருப்புகிற தெருவில் இது ஒரே வளைப்பில் திரும்பிவிடும். எட்டு வருஷத்தில் இந்த ஒரு விஷயம் சலிக்கவே இல்லை.

இனி கதவு.

கூரையுள்ள ஹெரால்டில் முன்கண்ணாடிச் சட்டத்தையும் பின்தொட்டியையும் மேலே கூரை பிடித்துக்கொள்ளும். கன்வெர்டிபிளில் அந்தப் பிடிப்பு இல்லை. இரண்டையும் நேராக நிறுத்துவது கீழே இருக்கும் சேசிஸ் மட்டும்தான். நடுவில் இரண்டு முதன்மைச் சட்டம், அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், கைகளின் முனைகளை இணைக்கும் பக்கச் சட்டம். பாடி உட்காருவது இந்தக் கைகளின் மேல். உள்ளே வெற்றிடமான பெட்டிக் கட்டுமானம் என்பதால் சக்கரம் அடிக்கும் சேறு சேர்ந்து, ஈரம் நின்று, உள்ளிருந்து அரிக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. நடுப்பகுதி நாலு மி.மீ. இறங்கினாலே போதும், கதவின் பின்மேல் மூலையில் இடுக்கு சுருங்கி, கீழ்மூலையில் விரிந்துவிடும். கதவை அடித்துச் சாத்த வேண்டியிருக்கும், அல்லது பூட்டு பிடிக்காமல் துள்ளும்.

புதுப்பித்த வண்டிகளில் எனக்குக் கோபம் வருவது இங்கேதான். சேசிஸ் இறங்கியதைச் சரிசெய்யாமல், கதவின் விளிம்பைத் தேய்த்து, எதிர்ப்பக்கம் பட்டி பூசி இடுக்கைச் சமன்செய்து பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். என் வண்டியின் இடக்கதவில் பின்விளிம்பு முழுக்க நாலு மி.மீ. கனத்துக்குப் பட்டி இருந்தது. புதுப்பித்த பட்டறையின் பில்லில் "கதவு அலைன்மென்ட்" என்று தனி வரியே போட்டிருந்தார்கள். இரண்டு குளிர்காலம் தாண்டியதும் விரிசல் விட்டது. பட்டியைச் சுரண்டிய பிறகுதான் அடியில் நடுக்கை அரித்துப்போயிருந்தது தெரிந்தது. பெயின்ட் வேலைக்குக் கொடுத்த காசு அத்தனையும் வீண்.

சரியான முறை கஷ்டமானது இல்லை, பொறுமை வேண்டும், அவ்வளவுதான். கதவைக் கழற்றுவதற்கு முன் கதவு வாயில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து டாக் வெல்டிங் (தற்காலிகப் பொட்டு வெல்டிங்) போட்டுக்கொள்ள வேண்டும். கைகளையும் பக்கச் சட்டத்தையும் ஒன்று முடித்து அடுத்தது என்றுதான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் முழுவதையும் ஒரே நேரத்தில் வெட்டி எடுத்தால் எதற்கும் அளவு மிஞ்சாது. ஒவ்வொரு வெல்டிங்குக்குப் பிறகும் கதவை மாட்டி, சாத்தி, இடுக்கு பார்க்க வேண்டும். கடைசி நுட்பச் சரிசெய்தல் பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் வைக்கும் ஷிம் தகடுகளில்தான் இருக்கிறது. கதவின் மேலிடுக்கு சுருங்கியிருந்தால் நடுவில், பின்தூணுக்குக் கீழே ஷிம் கூட்ட வேண்டும். மேலே விரிந்திருந்தால் அங்கே குறைக்க வேண்டும், அல்லது முன்கோடியிலும் பின்கோடியிலும் கூட்ட வேண்டும். ஒரே ஒரு தகடு கூட்டினாலே மேல்விளிம்பில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பின்தொட்டி, நடுத்தரை, கதவு, அதற்கப்புறம்தான் பானெட். பானெட்டை முதலில் அமைத்துக்கொண்டு கதவை அதற்கு இழுப்பவர்கள் வேலையை இரண்டு தடவை செய்வார்கள்.

ஒரு சந்தேகம் வரலாம், கீல் தேய்ந்திருந்தாலும் கதவு தொங்குமே என்று. கதவைப் பாதி திறந்து பின்முனையைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஆட்டம் இருந்தால் கீல் பின் தேய்ந்திருக்கிறது, சின்ன வேலை. ஆட்டமே இல்லாமல் இடுக்கு மட்டும் கோணலாக இருந்தால் சேசிஸ்.

ஹூட் ஒழுகுவதும் இதே நோயின் இன்னொரு முகம். கண்ணாடிச் சட்டத்தின் மேல்மூலையில், கதவுக் கண்ணாடி ஹூட்டைத் தொடும் இடத்தில், தண்ணீர் சொட்டி நேராக ஓட்டுநரின் தொடையில் விழும். உடனே எல்லோரும் ரப்பர் மாற்றுவார்கள், பிறகு துணியே மாற்றுவார்கள். கதவு கோணலாக இருக்கும்வரை கண்ணாடியும் கோணல், எந்த ரப்பரும் அந்த இடைவெளியை அடைக்காது. கதவைச் சரிசெய்து, கண்ணாடியை ஏற்றி, ஹூட்டின் இரும்புச் சட்டத்தை அதற்குப் பொருத்தி, அதன் பிறகு துணி. துணியைக் குளிர்நாளில் இழுத்துக் கட்டக் கூடாது. வெயிலில் இரண்டு மணிநேரம் விரித்துப் போட்டுச் சூடேறிய பிறகு கட்டினால்தான் சுருக்கம் விழாது. பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஜன்னலையும் குளிரில் மடித்தால் கீறல் விழும். மடிக்கும்போது நடுவில் பழைய பருத்தித் துணி ஒன்று வையுங்கள்.

சேகரிப்புக்காக வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஹெரால்ட் சலூனின் கூரை போல்ட்டில் மாட்டியது, கழற்றிவிடலாம். அப்படிக் கழற்றி ஹூட் மாட்டிய சலூன்கள் கன்வெர்டிபிள் என்ற பெயரில் நிறையவே சுற்றுகின்றன. ஓட்டுவதற்குக் குற்றமில்லை, அசலின் விலைக்கு விற்பதுதான் தப்பு. கம்பெனி வண்டிக்குக் கொடுத்த கமிஷன் எண் தகட்டில் எண்ணுக்குப் பின்னால் சிவி (CV) என்ற எழுத்துகள் இருக்க வேண்டும். தகட்டை மாற்ற முடியும் என்பதால் பின்சீட்டையும் பாருங்கள். ஹூட் மடங்கி இறங்க இடம் விட்டு, அசலில் பின்சீட் ஒடுங்கலாக இருக்கும்.

முன்சக்கர ட்ரனியன் பற்றி ஒரு வார்த்தை, இது உயிர் சம்பந்தப்பட்டது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனை மரையாக, வெண்கலக் கட்டை ஒன்றுக்குள் சுழல்கிறது. அதற்குப் போட வேண்டியது கிரீஸ் இல்லை, ஈபி 90 கியர் ஆயில். கிரீஸ் மரைக்குள் இறங்காமல் வாயிலேயே இறுகிவிடும், உள்ளே தண்ணீர் புகுந்து துருவேறும், தண்டு இறுகும், ஒருநாள் ஒடியும். பெரும்பாலும் வண்டியை நிறுத்தும்போது, ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கையில்தான் ஒடியும். சக்கரம் உள்ளே மடிந்து உட்கார்ந்துவிடும். அடியில் இருக்கும் பிளக்கைக் கழற்றி, நிப்பிள் மாட்டி, மேல்விளிம்பில் எண்ணெய் கசியும்வரை, ஆயில் நிரப்பிய கன்னால் (கைப்பம்பு) அடிக்க வேண்டும். கம்பெனி சொன்னது 6,000 மைலுக்கு ஒருமுறை. வருஷத்தில் சில நூறு மைலே ஓடினாலும் மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை செய்துவிடுங்கள். விற்பவரிடம் "ட்ரனியனுக்கு என்ன போடுகிறீர்கள்" என்று கேளுங்கள். கிரீஸ் என்றால் இரண்டு தண்டும் புதிதாக வாங்கும் செலவை விலையில் கழியுங்கள்.

பின்னால் ஸ்விங் ஆக்ஸில், அதாவது ஒவ்வொரு பின்சக்கரமும் அதன் அச்சோடு மேலும் கீழும் ஊசலாடும் அமைப்பு. வளைவில் வேகமாக நுழைந்து நடுவில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் அடியில் மடங்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் லேசாக மிதித்தபடி போனால் ஒரு தொல்லையும் இல்லை. பெட்ரோலைப் பொறுத்தவரை, பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பங்க்கில் வருவது இ10, பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்களை அது தின்னும், ஆகவே எத்தனால் குறைந்த இ5 போடுங்கள், குழாய்களையும் மாற்றிவிடுங்கள்.

பிரிட்டனில் 2018 முதல், நாற்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு, பெரிய மாற்றம் எதுவும் செய்யாதிருந்தால், ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. ஆகவே, புதுப்பித்த பிறகு நண்பர் காட்டிய வண்டியின் அடிப்பகுதியை வேறு யாருமே பார்க்காமல் இருந்திருக்கவும் வாய்ப்புண்டு.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். ஹெரால்ட் கன்வெர்டிபிளைப்போல ஓட்டவும் பராமரிக்கவும் சுகமான பழைய வண்டியை நான் பார்த்ததில்லை, என் வண்டியை விற்கவும் மாட்டேன். ஆனாலும் கதவைக் காட்டாத இந்தப் பளபளப்பு வேண்டாம். பெயின்ட் மங்கி, இருக்கை கிழிந்து, கதவு மட்டும் ஒரு விரலால் தள்ளினால் "டக்" என்று சாத்திக்கொள்ளும் வண்டி கிடைத்தால் அதை வாங்குங்கள்.

இல்லை, நேரில் பார்த்தே தீருவேன் என்றால் ஜாக்கி, டார்ச், ஒரு காந்தம், 5 மி.மீ. டிரில் பிட் எடுத்துப் போங்கள். டிரில் பிட்டின் வழவழப்பான தண்டுப் பக்கத்தைக் கதவு இடுக்கு முழுக்க ஓட்டிப் பாருங்கள், எங்கே சிக்குகிறது, எங்கே தொளதொளக்கிறது என்று. மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவு விளிம்பில் வையுங்கள், பட்டி கனமாக இருக்கும் இடத்தில் ஒட்டாது. முன்சக்கரம் ஒன்றைத் தரையிலிருந்து தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்கள். ஒரு மி.மீ. மாறினால் பரவாயில்லை, கூரையில்லாத வண்டிக்கு அது இயல்பு. கதவு சிக்கினால் சேசிஸ் தளர்ந்திருக்கிறது, வண்டியை இறக்கிவிடுங்கள். கடைசியாக, கதவுக்குக் கீழே இருக்கும் சில் தகட்டைக் கழற்றச் சொல்லுங்கள். ஹெரால்டில் அது வெறும் போல்ட்டில் மாட்டியது, அரைமணி நேர வேலை, பக்கச் சட்டம் முழுக்கக் கண்ணில் பட்டுவிடும். போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் வெல்டிங் இருந்தால் வண்டியை மேற்கொண்டு பார்க்க வேண்டாம்.