"ஊட்டிக் குளிருக்கு ஹாப்ஸ் கொட்டும்" என்று விற்பவரிடம் ஏமாறாதீர்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ விடும் கொடி. அதன் வேர்க்கிழங்கைப் பார்சலில் அனுப்பும் ஒருவர் நம் மலைக்காரர்களாகப் பார்த்துப் பேசுகிறார். "பெண் செடிங்க, கேஸ்கேட் ரகம். உங்க ஊர்க் குளிருக்கு முதல் வருஷமே கொத்துக் கொத்தாப் பூக்கும்" என்றார். அம்மாவுக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. காய்ந்த ஹாப்ஸ் பூவைத் தலையணைக்குள் வைத்துத் தரலாம் என்று ஆசைப்பட்டு முழுப் பணத்தையும் அனுப்பினேன்.

வந்தவை உலர்ந்த குச்சிகள். ஹாப்ஸ் வேர்க்கிழங்கு மண்ணுக்கடியில் ஓடும் தண்டு. கணுக்களில் மொட்டு தெரிய வேண்டும், கீறினால் உள்ளே ஈரம் இருக்க வேண்டும். மொட்டில்லாத துண்டு எந்த மண்ணிலும் முளைக்காது. நம் மண் புளிப்பு மண் என்பதால் சுண்ணாம்பும் தொழு உரமும் கலந்து, சுமார் 5 செ.மீ. ஆழத்தில் எல்லாவற்றையும் நட்டேன். ஒன்று மட்டும் பிழைத்து, கட்டிய கயிற்றைச் சுற்றி ஏறியது.

அது பூத்தபோதுதான் மோசடி முழுதாகத் தெரிந்தது. பெண் செடியில் வரும் கூம்பு வடிவப் பூ வரவே இல்லை, கிளை கிளையாகப் பொடிப் பூக்கள் தொங்கின. ஆண் செடி! பப்பாளியைப் போல ஹாப்ஸிலும் ஆண் வேறு, பெண் வேறு. மணமும் கசப்பும் தரும் லுப்புலின் என்ற மஞ்சள் பொடி பெண் பூக்கூம்பில்தான் சேரும். விதை போட்டால் ஆணும் பெண்ணும் கலந்து வரும் என்பதால்தான் பெண் தாய்ச்செடியின் வேர்க்கிழங்கை வெட்டி நடுகிறார்கள். கேஸ்கேட், அமெரிக்காவில் 1972-இல் வெளியான பெண் ரகம். எனக்கு வந்தது அது இல்லவே இல்லை.

இதைவிடப் பெரிய பொய் அந்தக் குளிர்ப் பேச்சு. ஹாப்ஸ் கொடி நன்றாக வளரக் கோடையில் நீண்ட பகல் வேண்டும். பெரும்பாலும் 35 முதல் 55 டிகிரி அட்சரேகைக்குள்தான் அது செழிக்கிறது, அங்கே கோடைப் பகல் 15 மணி நேரத்தை நெருங்கும், பல இடங்களில் தாண்டும். இமாச்சலத்தில் ஹாப்ஸ் பயிராகும் லாஹௌலில்கூட 14 மணி நேரம் இருக்கும். நீலகிரியோ 11 டிகிரியில் இருக்கிறது. ஜூன் மாதத்திலும் நமக்குப் பதின்மூன்று மணி நேரப் பகல்கூடக் கிடைக்காது. நல்ல பெண் செடியே கிடைத்தாலும், கொடி உயருமுன் பூவுக்குப் போய் விளைச்சல் குறைந்துவிடும். ஆசைக்கு வளர்க்கலாம், சரி. முதல் வருஷமே கொட்டும் என்று விற்பது அநியாயம்.

போட்டோ அனுப்பிக் கேட்டேன். "உங்க மண்ணு சரியில்ல" என்று ஒரே பதில், அப்புறம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். ஆண் பூ மண்ணாலா வரும்?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். இவரிடம் வாங்கியவர்கள் பணம் கட்டிய ரசீதையும், பார்சல் பிரித்தபோது எடுத்த படத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டு நீங்களும் புகார் கொடுங்கள். இனி யாரிடம் வாங்குவதானாலும் தாய்ச்செடி கூம்பு விட்டு நிற்கும் படத்தையும், மொட்டுடன் கிழங்கின் படத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே பணம் அனுப்புங்கள்.