டிசம்பர் விடுமுறை: கோட்டையா, ஏலகிரியா?

வேலூருக்கு விருந்தினர் வந்தால் ஏலகிரிக்குத்தான் கிளம்புகிறார்கள். சுமார் 1,100 மீட்டர் உயரம், 14 கொண்டை ஊசி வளைவுகள், நல்ல குளிர். வழியில் ஆம்பூர் பிரியாணி, கத்தரிக்காய்த் தொக்கோடு. ஆனால் பாதிப் பொழுது சாலையிலேயே கழிந்துவிடும்.

என் மனம் வேலூர்க் கோட்டைக்கே சாய்கிறது. மார்கழி விடியலில், அகழிமேல் பனி விலகுமுன் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்துவிட வேண்டும். மூலவர் இல்லாமல் நெடுங்காலம் கிடந்து, 1981இல் மீண்டும் வழிபாடு கண்ட சன்னதி அது. அங்கே திருவெம்பாவை கேட்பது எனக்குப் பெரும் நிறைவு. கல்யாண மண்டபத் தூண்களில் பாயும் யாளிகளை அவசரமின்றிப் பாருங்கள். அதே மதிலுக்குள் தேவாலயமும் மசூதியும் இருக்கின்றன. கிறிஸ்துமஸ் வாரத்தில் தேவாலயத்தையும் சுற்றி வரலாம். பிள்ளைகள் படகுச் சவாரி கேட்டால், வாரநாளாகப் பார்த்து ஏலகிரியின் புங்கனூர் ஏரிக்குப் போங்கள்.