பிரீமியரா, ரிசோல்வா?

யாழ்ப்பாணத்தில் கலியாணம், சாமத்திய வீட்டு வீடியோ எடிற் செய்யத் தொடங்குபவர்களுக்கு, இந்த இரண்டு எடிற்றிங் மென்பொருள்களில் எதைப் பழகுவது என்பதுதான் முதலில் வரும் குழப்பம்.

காசு: பிரீமியர் புரோவுக்குச் சந்தா, கட்டுவதை நிறுத்தினால் எடிற்றிங்கும் நின்றுவிடும். டாவின்சி ரிசோல்வ் இலவசமாகவே 4கே தரத்தில், செக்கனுக்கு 60 பிரேம் வரை ஏற்றுமதி செய்யும். காசு கட்டி வாங்கும் அதன் ‘ஸ்ரூடியோ’ பதிப்பும் ஒருமுறைச் செலவுதான்.

கலர்: ரிசோல்வை மிஞ்ச ஆளில்லை. மேடை விளக்கில் மணப்பெண்ணின் முகம் மஞ்சளடித்தால், முகத்தை மட்டும் வட்டமிட்டு, அது அசையும் பக்கமெல்லாம் தொடரவைத்துத் திருத்தலாம். கூறைச் சேலையின் சிவப்பு அப்படியே இருக்கும்.

கணினி: ரிசோல்வுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்ட் கட்டாயம், பிரீமியர் சுமாரானதிலும் சமாளிக்கும்.

அனிமேஷன்: பிரீமியரோடு இணைந்து ஓடும் அனிமேஷன் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பழகியவருக்குப் பிரீமியர் கைக்கு இலகு.

தனியாகத் தொழில் தொடங்குகிறீர்களா? ரிசோல்வ் பழகுங்கள். டைட்டில் வேலை நிறைய வரும் ஸ்ரூடியோ என்றால், சரி, பிரீமியர் சந்தாவைக் கட்டலாம்.