காலுக்குப் பின்னாலா, இடுப்புக்குப் பக்கத்திலா?

கடல் நீச்சலிலும் டிரையத்லானிலும் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) முன்னால் போகிறவரை ஒட்டி நீந்தி உழைப்பை மிச்சம் பிடிப்பதுதான் டிராஃப்டிங். எங்கே ஒட்டிக்கொள்வது என்பதில்தான் பலருக்குக் குழப்பம்.

உழைப்பு
பின்னால்: அவர் பாதத்திலிருந்து அரை மீட்டருக்குள் இருந்தால் தண்ணீரின் எதிர்ப்பு சுமார் 20% குறையும்.
பக்கத்தில்: 6–7% தான்.

பார்வை
பின்னால்: முகத்துக்கு நேரே வெறும் நுரைக்குமிழி. குமிழி மெலிந்தால் நீங்கள் பின்தங்குகிறீர்கள் என்று அர்த்தம். இன்னொன்று, அவர் வழி தவறினால் நீங்களும் தவறுவீர்கள். அதனால் அவரை நம்பாமல் அவ்வப்போது தலையைத் தூக்கி மிதவையைப் பாருங்கள்.
பக்கத்தில்: மூச்செடுக்கும்போதே அவர் தோள் தெரியும். வேகம் கூட்டினால் உடனே புரிந்துவிடும்.

உரசல்
பின்னால்: விரல் பாதத்தில் பட்டுக்கொண்டே இருந்தால் எரிச்சலில் ஓர் உதை வரும்.
பக்கத்தில்: கையோடு கை மோதும்.

முந்துவது
பின்னால்: விலகி வெளியே வந்தால் முழு எதிர்ப்பும் திரும்ப வந்துவிடும்.
பக்கத்தில்: பாதி தூரம் ஏற்கெனவே முந்தியாயிற்று.

டிரையத்லான் என்றால் அப்புறம் சைக்கிளும் ஓட்டமும் பாக்கி இருக்கிறது, பாதத்தை விடாதீர்கள். 10 கி.மீ. நீச்சல் போட்டி என்றால் கடைசிச் சுற்றுக்கு முன்பே இடுப்புக்கு நகர்ந்துவிடுங்கள்.